அயலகக் கல்வியும் செலவுக் கணக்கும்

நுழையும்முன்

பொருள் தேடிக் கடல் கடந்த மரபுடையவர்கள் தமிழர்கள். இன்று கல்வி தேடியும் நம் இளைஞர்கள் கடல் கடக்கின்றனர். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் வந்த நாளில் இல்லம் மகிழ்ச்சியில் திளைக்கிறது. அம்மகிழ்ச்சி அடங்கியதும் எழும் முதல் வினா, ‘எவ்வளவு செலவாகும்?’ என்பதே. அவ்வினாவிற்கு ஒரே எண்ணில் விடை கூறிவிட இயலாது. செலவை வகைப்படுத்தவும், முன்கூட்டித் திட்டமிடவும், நாள்தோறும் எழுதவும் கற்றவர்க்கே அதன் விடை புலப்படும். அவ்வாறு கற்பதற்கான வழிகளை இவ்வுரைநடை எடுத்துரைக்கிறது.

கட்டணமில்லாக் கல்வியும் கட்டாயச் செலவும்

அயல்நாட்டுக் கல்விச் செலவைப் பொதுப்படையாகப் பேசுவதைக் காட்டிலும் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு ஆராய்வது தெளிவைத் தரும். அவ்வகையில் ஜெர்மனி நல்லதோர் எடுத்துக்காட்டு. அந்நாட்டில் பயிலும் அயல்நாட்டு மாணவர்களுள் 2022–23 குளிர்காலப் பருவம் முதல் இந்தியர்களே எண்ணிக்கையில் முதலிடம் வகிக்கின்றனர். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களுள் பெரும்பாலானவை கற்பிப்புக் கட்டணம் பெறுவதில்லை. விதிவிலக்குகளும் உண்டு. பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத மாணவர்களிடம் 2017–18 குளிர்காலப் பருவம் முதல் பருவத்திற்கு 1,500 யூரோ பெற்று வருகிறது.

கற்பிப்புக் கட்டணம் இல்லை என்றவுடன் செலவே இல்லை என்று கருதுவோர் பலர். உண்ணவும் உறங்கவும் பயணம் செய்யவும் நோயுற்றால் மருத்துவம் பெறவும் ஆகும் செலவு மாணவரையே சாரும். ஜெர்மனியில் பயில்வதற்கான செலவு என்பது பெரும்பாலும் ஜெர்மனியில் வாழ்வதற்கான செலவே ஆகும்.

மாதந்தோறும் திறக்கும் கணக்கு

மாணவர் விசா கோருவோர் ஓராண்டு வாழ்வதற்குரிய பொருள்வளம் தம்மிடம் உண்டு என்பதை மெய்ப்பிக்க வேண்டும். உதவித்தொகை பெறாத மாணவர்கள் பெரும்பாலும் இதற்காக ‘ஷ்பெர்கோன்டோ’ எனப்படும் முடக்கக் கணக்கைத் தொடங்குகின்றனர். ஓராண்டுக்குரிய தொகை முழுவதையும் அதில் முன்னதாகவே செலுத்திவிட வேண்டும். மாணவர் அந்நாட்டை அடைந்த பின்னர், மாதத்திற்கு இவ்வளவு என்ற வரம்புக்குள் மட்டுமே அத்தொகையிலிருந்து பெற முடியும்.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தொகை 8,640 யூரோவாக இருந்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 11,904 யூரோவாக உயர்ந்துள்ளது. அதனைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்திற்கு 992 யூரோ கிடைக்கும். ஜெர்மனி அரசு தன் நாட்டு மாணவர்களுக்கு வழங்கும் கல்வி உதவியின் உச்ச அளவை ஒட்டி இத்தொகை வரையறுக்கப்படுகிறது.

ஆண்டுத் தொகையை ஒருசேரக் கையில் பெற்றால் முதல் மூன்று மாதங்களிலேயே பெரும்பகுதி கரைந்துவிட வாய்ப்புண்டு. முடக்கக் கணக்கு அதனைத் தடுக்கிறது. ஆயினும் மாதத் தொகைக்குள் எதற்கு எவ்வளவு என்பதை எந்த வங்கியும் சொல்வதில்லை. அதனை மாணவரே வகுத்துக்கொள்ள வேண்டும்.

செலவின் மூவகை

செலவுகளை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, நிலைச்செலவு. மாதந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் வருவது. அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, கைப்பேசிக் கட்டணம் ஆகியன இதில் அடங்கும். ஜெர்மனியில் மாணவர் அனைவரும் மருத்துவக் காப்பீடு பெற்றிருத்தல் கட்டாயம். சட்டவழிக் காப்பீட்டில் முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர் 2025ஆம் ஆண்டில் மாதத்திற்கு ஏறத்தாழ 145 யூரோ செலுத்த வேண்டியிருந்தது.

இரண்டாவது, மாறும் செலவு. உணவு, உடை, பொழுதுபோக்கு போன்றவை நம் விருப்பத்திற்கேற்பக் கூடும், குறையும்.

மூன்றாவது, இடைவிட்டு வரும் செலவு. திட்டமிடுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது இதனையே. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை செலுத்தும் பருவப் பங்களிப்பு, தங்கும் உரிமத்தைப் புதுப்பிக்கும் கட்டணம், குளிர்கால மேலங்கி ஆகியன மாதக் கணக்கில் தோன்றுவதில்லை. ஆனால் வரும் மாதத்தில் கணக்கையே கவிழ்த்துவிடும். பருவப் பங்களிப்பு பல்கலைக்கழகத்திற்கேற்ப ஏறத்தாழ 100 யூரோ முதல் 400 யூரோவரை அமையும். அது 300 யூரோ எனில், மாதந்தோறும் 50 யூரோவைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். அவ்வாறு செய்தவர்க்கு ஆறாம் மாதம் அச்சம் தருவதில்லை.

வாடகை என்னும் பெருஞ்செலவு

மாணவரின் செலவில் பெரும்பங்கு வாடகைக்கே செல்கிறது. ஜெர்மனியில் வாடகையை இருவகையாகக் குறிப்பிடுவர். அறைக்கு மட்டும் உரிய வாடகையைக் ‘கால்ட்மீட்டே’, அதாவது குளிர் வாடகை என்பர். அறையைச் சூடாக்குதல், நீர், குப்பை அகற்றுதல் முதலியவற்றையும் சேர்த்த வாடகை ‘வார்ம்மீட்டே’, அதாவது சூடான வாடகை எனப்படும். மின்சாரமும் இணையமும் அதில் அடங்கியுள்ளனவா என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும். விளம்பரத்தில் குளிர் வாடகையை மட்டும் கண்டு ‘இந்த அறை மலிவு’ என்று முடிவு செய்வோர் பின்னர் திகைப்பர்.

நகரத்திற்கு நகரம் வாடகை பெரிதும் மாறுபடுகிறது. மியூனிக் நகரில் பலர் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கே 700 யூரோவுக்கு மேல் கேட்கப்படுவது வழக்கம். கிழக்குப் பகுதியிலுள்ள கெம்னிட்ஸ் போன்ற நகரங்களில் அதில் பாதியளவிலேயே அறை கிடைக்கக்கூடும். ‘ஸ்டுடீரண்டன்வெர்க்’ எனப்படும் மாணவர் நல அமைப்புகள் நடத்தும் விடுதிகள் தனியார் அறைகளைவிடப் பொதுவாக மலிவானவை. ஆனால் அவற்றுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. ஆதலால் சேர்க்கைக் கடிதம் கிடைத்தவுடன் விடுதிக்கு விண்ணப்பிப்பது அறிவுடைமையாகும். பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அது அமைந்துள்ள நகரத்தின் வாடகையையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஒரு மாதத் திட்டம்

மாணவர் விடுதியில் தங்கிப் பயிலும் மாணவி ஒருவர் 992 யூரோவைப் பின்வருமாறு வகுத்துக்கொள்வதாகக் கொள்வோம். இது விளக்கத்திற்காக அமைத்த கணக்கு.

அறை வாடகை (அனைத்தும் உட்பட) – 340
மருத்துவக் காப்பீடு – 145
உணவு – 220
பருவப் பங்களிப்பிற்கான சேமிப்பு – 50
கைப்பேசி – 12
ஒலிபரப்புக் கட்டணத்தில் தன் பங்கு – 5
நூல், நகல், எழுதுபொருள் – 20
உடை, மருந்து, வீட்டுப் பொருள் – 45
பொழுதுபோக்கு, சிறு பயணம் – 60
இடர்காலச் சேமிப்பு – 95
மொத்தம் – 992 யூரோ

இத்திட்டத்தில் கடைசி வரியே உயிர்நாடி. மடிக்கணினி பழுதானாலும், ஊரில் உற்றார்க்கு உடல்நலம் குன்றித் திடீரெனப் பயணம் செய்ய நேர்ந்தாலும் கைகொடுப்பது இந்த 95 யூரோவே. எஞ்சியதைச் சேமிக்கலாம் என்று எண்ணுவோர்க்குப் பெரும்பாலும் எதுவும் எஞ்சுவதில்லை. ஆதலால் சேமிப்பையும் ஒரு செலவாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

இதே மாணவி 720 யூரோ வாடகையில் ஓர் அறை எடுத்தால் என்னவாகும்? செலவு 380 யூரோ கூடுகிறது. இடர்காலச் சேமிப்பையும் பொழுதுபோக்கையும் முற்றாக நீக்கினாலும் 225 யூரோ பற்றாக்குறை நிற்கிறது. தேநீரைக் குறைத்து இப்பள்ளத்தை நிரப்ப இயலாது. சிறுசெலவுகளில் காட்டும் சிக்கனத்தைவிடப் பெருஞ்செலவு ஒன்றில் எடுக்கும் சரியான முடிவே கணக்கைக் காக்கும் என்பதை இதனால் உணரலாம்.

சிறுசெலவுகளிலும் கருத்தூன்ற வேண்டிய இடங்கள் உண்டு. ‘மென்சா’ எனப்படும் பல்கலைக்கழக உணவகத்தில் மாணவர்க்கு மலிவு விலையில் நண்பகல் உணவு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும். சனிக்கிழமையே காய்கறி வாங்காதவர் மறுநாள் உணவகத்தில் மும்மடங்கு செலவிட நேரும். சமைக்கத் தெரிந்து செல்வது ஒரு கைப்பொருளைக் கொண்டு செல்வதற்கு ஒப்பாகும். மசாலைப் பொடிகளை உடன் எடுத்துச் செல்லலாம். ஆனால் பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் கொண்டுவருவதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துள்ளது. அன்னை அன்போடு உருக்கித் தரும் நெய்யும் அத்தடைக்கு உட்பட்டதே.

தெரிந்து தெளிவோம்

ஜெர்மனியில் ஒவ்வொரு குடியிருப்பும் மாதத்திற்கு 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். வீட்டில் தொலைக்காட்சி இல்லை என்று கூறி விலக்குப் பெற இயலாது. எனினும் இக்கட்டணம் ஆளுக்கன்று, வீட்டுக்கே உரியது. நால்வர் பகிர்ந்து வாழ்ந்தால் ஒருவரின் பங்கு 4.59 யூரோ மட்டுமே. நெகிழிப் புட்டியில் குடிநீரோ குளிர்பானமோ வாங்கினால் விலையுடன் 25 சென்ட் வைப்புத்தொகை சேர்த்துப் பெறப்படும். வெற்றுப் புட்டியைக் கடையிலுள்ள எந்திரத்தில் திருப்பிச் செலுத்தி அத்தொகையை மீளப் பெறலாம்.

முதல் மாதம் என்னும் சோதனை

பிற மாதங்களைப் போன்றதன்று முதல் மாதம். வீட்டு உரிமையாளர் மூன்று மாதக் குளிர் வாடகைவரை முன்வைப்புத் தொகை கேட்க ஜெர்மனியின் சட்டம் இடமளிக்கிறது. குளிர் வாடகை 280 யூரோ எனில் முன்வைப்பு 840 யூரோ ஆகும். இதனுடன் முதல் மாத வாடகை 340, பருவப் பங்களிப்பு 300, காப்பீடு 145, போர்வையும் பாத்திரமும் வாங்க 150, தங்கும் உரிமக் கட்டணம் 100, உணவு 220 ஆகியவற்றைக் கூட்டினால் 2,095 யூரோ வருகிறது. முடக்கக் கணக்கிலிருந்து கிடைப்பதோ 992 யூரோ. மேலும், இருப்பிடத்தைப் பதிவு செய்து, அங்கே வங்கிக் கணக்குத் தொடங்கிய பின்னரே அத்தொகையும் பொதுவாகக் கைக்கு வரும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம்.

ஆகவே முடக்கக் கணக்கிற்கு அப்பாற்பட்ட ஒரு தொகையை வருகைச் செலவுக்கென்று தனியே வைத்திருத்தல் இன்றியமையாதது. சட்டத்தை அறிந்திருப்பதும் துணைசெய்யும். முன்வைப்புத் தொகையை மூன்று சம மாதத் தவணைகளில் செலுத்தும் உரிமை வாடகைதாரர்க்கு உண்டு. அவ்வாறு செலுத்தினால் முதல் மாதச் சுமையில் 560 யூரோ குறைந்துவிடும்.

ரூபாயும் யூரோவும்

பெற்றோர் ஈட்டுவது ரூபாயில். பிள்ளை செலவிடுவது யூரோவில். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள மாற்று மதிப்பு நிலையானதன்று. ஒரு யூரோ 90 ரூபாயாக இருக்கும்போது 11,904 யூரோவிற்கு 10,71,360 ரூபாய் தேவை. அது 100 ரூபாயானால் 11,90,400 ரூபாய் தேவை. மாணவர் ஒரு ரொட்டித் துண்டுகூட மிகுதியாக உண்ணாத நிலையில் குடும்பத்தின் செலவு 1,19,040 ரூபாய் கூடிவிடுகிறது. கல்விக்கடன் பெறும்போதே இம்மாற்றத்திற்கு இடம்விட்டுக் கணக்கிட வேண்டும். முதலாண்டு முடிந்து தங்கும் உரிமத்தை நீட்டிக்கும்போதும் அடுத்த ஆண்டுக்குரிய பொருள்வளத்தை மெய்ப்பிக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

அதே வேளையில், வாங்கும் பொருள் ஒவ்வொன்றையும் ரூபாயாக மாற்றிப் பார்த்து வருந்துவதும் பயனற்றது. மூன்று யூரோ உணவை முந்நூறு ரூபாய் என்று எண்ணிப் பட்டினி கிடப்போர் உடல்நலத்தை இழப்பர். ஆண்டுக் கணக்கை ரூபாயில் போட வேண்டும். அன்றாடக் கணக்கை யூரோவில் போட வேண்டும்.

உழைப்பும் படிப்பும்

ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத மாணவர்கள் ஓராண்டில் 140 முழுநாள்கள் அல்லது 280 அரைநாள்கள் பணியாற்ற 2024 மார்ச்சு முதல் ஜெர்மனி இசைவளித்துள்ளது. 2025ஆம் ஆண்டில் அங்கே குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. அவ்வூதியத்தில் மாதத்திற்கு 40 மணிநேரம் உழைத்தால் 512.80 யூரோ ஈட்ட முடிந்தது. ஆயினும் கிடைக்கப்போகும் வேலையை நம்பிச் செலவுத் திட்டம் வகுத்தல் கூடாது. மொழி அறியாத முதல் சில மாதங்களில் வேலை எளிதில் அமைவதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான பின்னரே அதன் ஊதியத்தை வரவுப் பகுதியில் எழுத வேண்டும்.

இங்கே மற்றொரு கணக்கும் உண்டு. பணத்தேவையால் வேலை நேரத்தைக் கூட்டிக்கொண்டே சென்ற மாணவர் ஒருவர் வகுப்புகளைத் தவறவிட்டுத் தேர்வில் தோல்வியுற்று ஒரு பருவம் கூடுதலாகத் தங்க நேர்கிறது எனக் கொள்வோம். அந்த ஆறு மாதங்களுக்கு ஆகும் வாழ்க்கைச் செலவு 992ஐ ஆறால் பெருக்கக் கிடைக்கும் 5,952 யூரோ. 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியத்தில் அதனை ஈட்ட ஏறத்தாழ 464 மணிநேரம் உழைக்க வேண்டியிருந்தது. காலத்தில் படிப்பை முடிப்பதைவிடப் பெரிய சிக்கனம் வேறில்லை. செலவுத் திட்டம் காப்பது பணத்தை மட்டுமன்று, படிப்பையும்தான்.

காந்தியடிகளின் கணக்கேடு

அயலகத்தில் பயின்ற மாணவர்களுள் செலவுக் கணக்கிற்கு முன்மாதிரியாகத் திகழ்பவர் காந்தியடிகள். அவர் 1888 முதல் 1891வரை இலண்டனில் சட்டம் பயின்றார். தொடக்கத்தில் ஆங்கிலேயரைப் போல வாழ விரும்பி உயர்ந்த ஆடைகளுக்கும் நடனத்திற்கும் வயலினுக்கும் பணம் செலவிட்டார். அந்நாளிலும் ஒரு பழக்கத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. பேருந்துக் கட்டணம், அஞ்சல்தலை, செய்தித்தாள் என எவ்வளவு சிறிய செலவாயினும் எழுதிவைத்து, ஒவ்வோர் இரவும் உறங்கும்முன் இருப்பைச் சரிபார்த்தார்.

அந்தக் கணக்கேடே அவருக்குக் கண்ணாடியாயிற்று. தமக்காக ஊரில் பணம் திரட்டி அனுப்பும் தமையனாரின் இன்னலை எண்ணிப் பார்த்தார். பணியிடங்களுக்கு நடந்தே செல்லத்தக்க தொலைவில் அறை எடுத்தார். பின்னர் ஒற்றை அறைக்கு மாறி, காலை உணவைத் தாமே சமைத்தார். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்னியில் தம் உணவை அமைத்துக்கொண்டார். எளிய வாழ்வு துன்பமாக இல்லை என்றும், தம் அகவாழ்வும் புறவாழ்வும் இசைந்து நின்றன என்றும் ‘சத்திய சோதனை’யில் அவர் பதிவு செய்துள்ளார். பிற்காலத்தில் பொதுநிதியைப் பிழையின்றிக் கையாள இப்பழக்கமே துணைநின்றது.

பற்றாக்குறையைச் சொல்லும் துணிவு

எத்துணைத் திட்டமிட்டாலும் சில வேளைகளில் பணம் போதாமல் போகலாம். அப்போது பெரும்பாலான மாணவர்கள் அதனை மறைக்கின்றனர். ‘நலமாக இருக்கிறேன்’ என்று தொலைபேசியில் கூறிவிட்டு உணவைக் குறைத்துக்கொள்கின்றனர். பெற்றோர் வருந்துவர் என்னும் அன்பே இதற்குக் காரணம். ஆயினும் நூறு யூரோ பற்றாக்குறையை இரண்டாம் மாதத்திலேயே சொன்னால் தீர்வு எளிது. எட்டாம் மாதத்தில் அது எண்ணூறாக வளர்ந்த பின்னர் சொன்னால் தீர்வு அரிது. மறைப்பதற்கு வழக்கமான காரணம் எவ்வளவு போதவில்லை என்பதே தெரியாமை. கணக்கு எழுதுவோர்க்கு அந்த எண் தெரியும். எண் தெரிந்தால் சொல்லத் தயக்கம் குறையும். ஜெர்மனியில் மாணவர் நல அமைப்புகள் நடத்தும் ஆலோசனை மையங்களை அணுகி, இடர்ப்பட்ட மாணவர்க்குரிய உதவிகளைக் கேட்டறியலாம்.

திருக்குறளில் வருவாயையும் செலவையும் பற்றிய குறள்கள் ‘வலியறிதல்’ என்னும் 48ஆம் அதிகாரத்தின் இறுதியில் இடம்பெற்றுள்ளன. செய்யப்போகும் செயலின் வலிமையையும் தன் வலிமையையும் ஆராயச் சொல்லும் அதிகாரத்திலேயே செலவின் அளவையும் வள்ளுவர் வைத்துள்ளார். தன் கையிருப்பை அறிவதும் தன் வலிமையை அறிவதே என்பது இவ்வமைப்பால் விளங்கும். இக்கல்வியைத் தொடங்க விமான நிலையம்வரை செல்ல வேண்டியதில்லை. பேருந்துக்கும் சிற்றுண்டிக்கும் இவ்வாரம் செலவிட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதினாலே போதும்.

சொல்லும் பொருளும்

முடக்கக் கணக்கு – மாத வரம்புக்குள் மட்டும் பணம் பெறத்தக்க வங்கிக் கணக்கு
குளிர் வாடகை – அறைக்கு மட்டும் உரிய வாடகை
பருவப் பங்களிப்பு – ஒவ்வொரு பருவத்திலும் பல்கலைக்கழகத்திற்குச் செலுத்தும் தொகை
இடர்காலச் சேமிப்பு – எதிர்பாராத செலவுக்கென ஒதுக்கும் பணம்
மாற்று மதிப்பு – ஒரு நாட்டு நாணயத்திற்கு ஈடான வேறுநாட்டு நாணய அளவு

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஒரு மாதச் செலவை நிலைச்செலவு, மாறும் செலவு, இடைவிட்டு வரும் செலவு எனப் பகுத்துப் பட்டியலிடுக.
2. வெளியூரில் விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர் ஒருவருடன் உரையாடி, அவருடைய முதல் மாத அனுபவத்தைக் கட்டுரையாக எழுதி வகுப்பறையில் படித்துக் காட்டுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. ஜெர்மனியின் முடக்கக் கணக்கிலிருந்து 2024 செப்டம்பருக்குப் பின் மாதந்தோறும் பெறத்தக்க தொகை
அ) 720 யூரோ ஆ) 840 யூரோ இ) 992 யூரோ ஈ) 1,500 யூரோ

குறுவினா
1. குளிர் வாடகை, சூடான வாடகை – வேறுபடுத்துக.
2. சேமிப்பையும் ஒரு செலவாக எழுத வேண்டும் என்பது ஏன்?

சிறுவினா
1. மாற்று மதிப்பின் ஏற்றம் குடும்பத்தின் சுமையை எவ்வாறு கூட்டுகிறது? கணக்கிட்டு விளக்குக.
2. காந்தியடிகளின் இலண்டன் வாழ்வில் கணக்கேடு விளைவித்த மாற்றங்களைத் தொகுத்துரைக்க.

நெடுவினா
1. ‘காலத்தில் படிப்பை முடிப்பதைவிடப் பெரிய சிக்கனம் வேறில்லை’ – இக்கூற்றைப் பாடப்பகுதிவழி நிறுவுக.